வெள்ளைக் கையும் பழுப்புக் கைகளும்

நிறங்களுக்குத் தமக்கென்று ஒரு பொருள் உண்டா? அல்லது மனிதர் ஏற்றிவைக்கும் பொருளைத்தான் அவை சுமக்கின்றனவா? திருவழிபாட்டில் பழகிய நமக்கு இக்கேள்வி அந்நியமானதன்று. ஆண்டு முழுவதும் பீடத்தின் முன் நிறங்கள் மாறி மாறி நம்மோடு பேசுகின்றன. உயிர்ப்புக் காலத்தின் வெண்மை, மறைச்சாட்சியர் நாள்களின் செம்மை, தவக்காலத்தின் ஊதா, பொதுக்காலத்தின் பசுமை ஆகியவற்றைக் கண்டவுடனேயே நாம் எக்காலத்தில் நிற்கிறோம் என்பதைச் சிறு குழந்தையும் அறிந்துகொள்கிறது.

ஆயினும் இந்த ஒழுங்கு ஒரே நாளில் எழுதித் தரப்பட்டதன்று. பின்னாளில் மூன்றாம் இன்னொசென்ட் என்னும் பெயரில் திருத்தந்தையான கர்தினால் லொத்தாரியோ, 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில், உரோமையில் வழங்கிய வெள்ளை, சிவப்பு, கறுப்பு, பச்சை என்னும் நான்கு நிறங்களை விளக்கி எழுதினார். ஊதாவை அவர் கறுப்பின் இனமாகவே கருதினார். பல நூற்றாண்டுகளாகப் பெரிய வெள்ளியன்று குருக்கள் கறுப்பு உடை அணிந்தனர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைத் தொடர்ந்து 1970-இல் வெளிவந்த திருப்பலி நூல் அந்நாளுக்குச் சிவப்பை வகுத்தது. அதே நாள், அதே பாடு, நிறம் மட்டும் மாறியது. துயரத்தை அறிவித்த நிறம் நின்ற இடத்தில், சிந்தப்பட்ட இரத்தத்தை அறிவிக்கும் நிறம் வந்து நின்றது. நிறம் ஒரு மக்களின் நினைவிலிருந்தே தன் பொருளைப் பெறுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

மரபுடைய உலகிலேயே இப்படி என்றால், மரபே இல்லாத ஓர் உலகை ஒருவர் கற்பனையில் படைக்கும்போது அங்குள்ள நிறங்கள் எப்பொருளைச் சுமக்கும்? அவ்வுலகின் மக்களுக்கு வரலாற்றையும் மொழியையும் படைத்துத் தந்த எழுத்தாளர், நிறங்களின் பொருளையும் தாமே படைத்தாக வேண்டும். அவர் எதை அளவுகோலாகக் கொண்டார் என்று காண்பது அவருடைய உள்ளத்தையே காண்பதாகும். இக்கேள்வியோடு ஜே. ஆர். ஆர். டோல்கீன் படைத்த நடுவுலகினுள் நுழைந்து பார்ப்போம்.

டோல்கீன் 1892-இல் தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபொன்டைன் நகரில் பிறந்து, இளமையிலேயே இங்கிலாந்து சென்றவர். அவருடைய அன்னை மேபல் 1900-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அதனால் உறவினரின் சினத்திற்கு ஆளாகி, வறுமையில் வாடி, 1904-இல் இறந்தார். பன்னிரண்டு வயதில் அநாதையான டோல்கீனையும் அவருடைய தம்பியையும் பேணி வளர்த்தவர், புனித நியூமன் நிறுவிய பர்மிங்ஹாம் ஓரட்டரியைச் சேர்ந்த அருள்தந்தை பிரான்சிஸ் மார்கன். அச்சிறுவர்கள் காலையில் அவருடைய திருப்பலிக்கு உதவி செய்துவிட்டே பள்ளிக்குச் செல்வர். பீடத்தின் நிறங்கள் மாறுவதை அருகிலிருந்து கண்டு வளர்ந்த அச்சிறுவனே பின்னாளில் ஆக்ஸ்போர்டில் மொழியியல் பேராசிரியரானார். 1937-இல் 'த ஹாபிட்' என்னும் சிறுவர் கதையையும், 1954, 1955 ஆண்டுகளில் 'த லார்டு ஆஃப் த ரிங்ஸ்' என்னும் பெருங்கதையை மூன்று பாகங்களாகவும் வெளியிட்டார். 1953-இல் இயேசு சபையைச் சேர்ந்த அருள்தந்தை ராபர்ட் மரேக்கு எழுதிய மடலில், தம் நூல் அடிப்படையில் கத்தோலிக்க நூல் என்றும், முதலில் தம்மை அறியாமலும் திருத்தும்போது அறிந்தும் அவ்வாறு அமைந்தது என்றும் அவர் குறிப்பிட்டார்.

இக்கதையை நம் இளையோரில் பலர் 2001 முதல் 2003 வரை வெளிவந்த மூன்று திரைப்படங்கள் வழியாக அறிவர். நிறங்களைப் பற்றி அவர்களிடம் கேட்டால், "வெள்ளை நல்லது, கறுப்பு தீயது" என்று எளிதாகச் சொல்லிவிடுவர். இருளின் தலைவனாகிய சௌரான், கறுப்பு உடையணிந்த அவனுடைய ஒன்பது குதிரை வீரர்கள், வெண்ணிற உடையில் வந்து காக்கும் காண்டால்ஃப் என்று அவர்கள் சான்றும் காட்டுவர்.

நம் மக்களுக்கு இது வெறும் இலக்கிய வினா அன்று. கருநிறத்தோடு பிறந்த பெண் குழந்தையைக் கண்டவுடன் உறவினர் சொல்லும் முதற்சொல் எது என்பதை நாம் அறிவோம். மணமகள் தேவை என்னும் விளம்பரங்களில் தோலின் நிறத்திற்குத் தரப்படும் விலையையும் அறிவோம். இளையோர் விரும்பிப் படிக்கும் ஒரு பெருங்கதையும் அதே பாடத்தைத்தான் கற்பிக்கிறது என்றால், அதை வாளா விட்டுவிட முடியாது. ஆகவே நூலையே சாட்சியாக அழைத்து விசாரிப்போம்.

இரண்டு கேடயங்கள்

கதையில் வரும் கோண்டோர் என்னும் நாடு நன்மையின் பக்கம் நின்று போரிடுவது. அதன் தலைநகரத்துக் கோட்டைக் காவலர் அணியும் உடை கறுப்பு. மார்பில் மட்டும் வெண்மரம் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். அந்நாட்டு மன்னரின் கொடியும் கரிய துணியில் வெண்மரம் பூத்து நிற்பதே. எதிர்ப்பக்கத்தில், நன்மையிலிருந்து வீழ்ந்த மந்திர ஞானி சாருமானின் படை வருகிறது. அப்படையினரின் கேடயமும் கறுப்புத்தான். அதன் நடுவில் வெள்ளைக் கை ஒன்று வரையப்பட்டிருக்கிறது.

இரண்டிலும் களம் கறுப்பு. இரண்டிலும் சின்னம் வெள்ளை. நிறத்தை மட்டும் பார்ப்பவருக்கு நண்பன் யார், பகைவன் யார் என்று தெரியாது. வேறுபாடு நிறத்தில் இல்லை. நிறம் எதை உருவாக்கிக் காட்டுகிறது என்பதில் இருக்கிறது. வெண்மரம் கோண்டோர் மக்கள் தாமே உண்டாக்கியதன்று. கடலில் மூழ்கிய பழம்பெரும் நாட்டிலிருந்து நாற்றாகக் காப்பாற்றிக் கொண்டுவரப்பட்டது. அந்நாட்டு மரமும் அதற்கு முன்பிருந்த மூத்த மரத்தின் வழித்தோன்றலாகக் கொடையாக வந்ததே. மரம் பெற்றுக்கொள்வது, நிழலும் விதையும் தருவது. கையோ பற்றிக்கொள்வது. சாருமான் தன் கையையே தனக்குச் சின்னமாக்கிக்கொண்டான். தான் வணங்குவது எது என்பதை அவன் வேறு விதமாகச் சொல்லத் தேவையில்லை. அவனுடைய கோட்டை வாயிலில் தூண் மேல் நின்ற அந்தக் கல் கை, அவன் வீழ்ச்சியின்போது வெண்மையாகத் தோன்றவில்லை. காய்ந்த இரத்தம் படிந்ததுபோல் காணப்பட்டது, நகங்கள் சிவந்திருந்தன.

கறுப்பும் இங்கே ஒரே பொருளில் நிற்பதில்லை. ஒன்பது வீரர்களின் கறுப்பு அங்கி அவர்களுடைய இயல்பே அன்று. அவர்கள் தம்மை இழந்து வெறுமையானவர்கள். உயிருள்ளோரிடையே நடமாடும்போது அவ்வெறுமைக்கு ஓர் உருவம் தரவே அங்கியை அணிகின்றனர் என்று நூல் விளக்குகிறது. தீமை கறுப்பு நிறமுடையதன்று. அதற்கு நிறமே இல்லை. அது கறுப்பை இரவல் வாங்கிப் போர்த்துக்கொள்கிறது. தீமை என்பது தனியொரு பொருளன்று, நன்மையின் குறையே என்று புனித அகுஸ்தீனார் கற்பித்ததை அறிந்தவர்களுக்கு, டோல்கீன் எந்த ஊற்றில் நீர் முகந்தார் என்பது விளங்கும்.

பெலன்னோர் போர்க்களத்தில் ஒரு காட்சி வருகிறது. ஆற்றில் கறுப்புப் பாய் விரித்த கப்பல்கள் ஏறி வருகின்றன. பகைவர் கப்பல்கள் என்று அறிந்த கோண்டோர் மக்கள், எல்லாம் முடிந்தது என்று மனம் தளர்கின்றனர். அப்போது முதற்கப்பலில் ஒரு கொடி விரிகிறது. அதுவும் கறுப்புத் துணியே. ஆனால் அதில் வெண்மரமும் ஏழு விண்மீன்களும் மணிமுடியும் ஒளிர்கின்றன. ஆர்வென் என்னும் பெண் தன் கையால் செய்தளித்த அக்கொடியின் கீழ், நெடுநாள் காத்திருந்த மன்னன் அரகோர்ன் வருகிறான். நம்பிக்கை இழந்தவர்களுக்கு அதே கறுப்பில்தான் மீட்பு வந்து சேர்ந்தது. கார்மேகம் கண்டு மகிழும் உழவர் மரபில் வந்த நமக்கு, கருமையிலிருந்து வாழ்வு வரும் என்பது புரியாத செய்தி அன்று.

உடைக்கப்பட்ட ஒளி

வெண்மைக்கு வருவோம். நடுவுலகில் மந்திர ஞானியர் ஐவருக்கும் நிறத்தாலேயே அடைமொழி உண்டு. சாருமான் வெள்ளையர், காண்டால்ஃப் சாம்பல் நிறத்தவர், ராடகாஸ்ட் பழுப்பு நிறத்தவர், கதையில் முகம் காட்டாத இருவர் நீல நிறத்தவர். இவர்களுள் தலைமை பெற்றவன் சாருமானே. அவனைத் தேடிச் சென்ற காண்டால்ஃப், வெள்ளையாகத் தோன்றிய அவனுடைய அங்கி உண்மையில் எல்லா நிறங்களாலும் நெய்யப்பட்டிருப்பதைக் காண்கிறார். அவன் அசையும்போதெல்லாம் அது மின்னி நிறம் மாறிக் கண்ணைக் குழப்புகிறது. தான் இனி வெள்ளையன் அல்லன், பல நிறத்தவன் என்று அவன் பெருமை பேசுகிறான். வெள்ளைத் துணிக்குச் சாயமேற்றலாம், வெள்ளைத் தாளில் எழுதலாம், வெள்ளொளியை உடைக்கலாம் என்பது அவன் வாதம். உடைத்தபின் அது வெள்ளையாக இராது என்றும், ஒன்றை அறிந்துகொள்வதற்காக அதை உடைப்பவன் ஞானத்தின் வழியை விட்டு விலகியவன் என்றும் காண்டால்ஃப் மறுமொழி கூறுகிறார்.

வள்ளுவர் புல்லறிவாண்மை என்னும் அதிகாரத்தில் வெண்மை என்னும் சொல்லையே அறிவின்மையைக் குறிக்க ஆள்கிறார். தம்மிடம் தெளிந்த அறிவு உண்டு என்று தாமே எண்ணிக்கொள்ளும் செருக்கே அந்த வெண்மை என்பது அவர் கருத்து. டோல்கீன் குறளை அறிந்து எழுதினார் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் சாருமானின் நோய்க்குத் தமிழில் இரண்டாயிரம் ஆண்டு மரபுள்ள பெயர் இருக்கிறது என்பது எண்ணி மகிழத்தக்கது.

இங்கே ஓர் ஐயம் எழ வேண்டும். பல நிறம் என்பதே பாவமா? நோவாவோடு செய்த உடன்படிக்கையின் அடையாளமாகக் கடவுள் மேகத்தில் வைத்தது வில். அது பல நிறமுடையதாயிற்றே! டோல்கீனே 'மிதோபோயியா' என்னும் கவிதையில் இதற்கு எதிரான உருவகம் ஒன்றைத் தருகிறார். நண்பர் சி. எஸ். லூயிஸுடன் 1931-இல் நடந்த உரையாடலின் விளைவாகப் பிறந்த கவிதை அது. அதில் மனிதன், ஒரே வெள்ளொளி தன் வழியே புகுந்து பல வண்ணங்களாகப் பிரியும் பளிங்கு போன்றவன் எனப்படுகிறான். கதை புனைவதும் கலை செய்வதும் அவ்வாறு ஒளியைப் பல நிறங்களாக்கி உயிருள்ள வடிவங்களில் சேர்ப்பதே என்கிறார். சாருமானிடம் குற்றமாக இருப்பது மனிதனிடம் மேன்மையாக இருப்பது எப்படி? 1983-இல் வெளிவந்த 'ஸ்பிளின்டர்டு லைட்' என்னும் ஆய்வு நூலில் வெர்லின் ஃபிளீகர் என்னும் அறிஞர், சிதறும் ஒளி என்னும் இவ்வுருவகத்தையே டோல்கீனின் படைப்பு முழுவதற்கும் திறவுகோலாகக் கொண்டார்.

நாம் காணும் விடை இது: பளிங்கு ஒளியை உடைமையாக்கிக்கொள்வதில்லை, தன் வழியே செல்லவிடுகிறது. சாருமானோ ஒளியைப் பிடித்து, உடைத்து, தன் மேலாடையாக நெய்துகொள்கிறான். கொடுக்கப்பட்டதைக் கடத்துவது ஒன்று. கொடுக்கப்பட்டதைக் கவர்ந்துகொள்வது மற்றொன்று.

டோல்கீன் மறைந்தபின் 1977-இல் அவருடைய மகன் வெளியிட்ட 'த சில்மரில்லியன்' இதை உறுதி செய்கிறது. உலகின் தொடக்கத்தில் வெள்ளியும் பொன்னுமாய் ஒளி வீசிய இரண்டு மரங்கள் இருந்தன. எல்ஃப் இனத்தின் தலைசிறந்த கைவினைஞன் ஃபேனோர், அவற்றின் கலந்த ஒளியை மூன்று மணிகளில் அடைத்தான். மரங்கள் நஞ்சூட்டப்பட்டுப் பட்டுப்போனபோது, அம்மணிகளைத் திறந்து ஒளியைத் தந்தால் மரங்கள் பிழைக்கும் என்று அவனிடம் கேட்கப்படுகிறது. அவன் மறுக்கிறான். தான் செய்தது தனக்கே உரியது என்கிறான். ஆனால் மணியைச் செய்தவன் அவனேயன்றி, ஒளியைச் செய்தவன் அவன் அல்லன். அந்த ஒரு மறுப்பிலிருந்தே போரும் உறவுக் கொலையும் பல தலைமுறைத் துயரமும் பிறக்கின்றன.

நிறம் மாறும் இரண்டு ஆடைகள்

இந்த வேறுபாட்டை உவமை விளக்கம் ஏதுமின்றி, இரண்டு ஆடைகளைக் கொண்டே டோல்கீன் காட்டுகிறார். ஒன்று, நாம் கண்ட சாருமானின் அங்கி. மற்றொன்று, லோத்லோரியன் காட்டின் அரசி கலாட்ரியலும் அவள் தோழியரும் பயணிகளுக்காக நெய்து தந்த போர்வை. அதற்கும் ஒரே நிறமில்லை. சாம்பல் நிறமாய்த் தோன்றும். பார்க்கும் இடத்திற்கேற்ப இலையின் பசுமையும் உழுத நிலத்தின் பழுப்பும் அந்தி நீரின் மங்கிய வெள்ளியும் அதில் தெரியும். தாம் நேசிக்கும் நிலத்தின் நினைவையே அதில் சேர்த்து நெய்ததாக அம்மக்கள் கூறுகின்றனர்.

இரண்டு ஆடைகளும் நிறம் மாறுகின்றன. சாருமானின் ஆடை, காண்பவர் கண்ணைத் தன்மேல் இழுத்து மயக்க மாறுகிறது. எல்ஃப் போர்வை, அணிந்தவர் தம்மை மறைத்துக்கொள்ள மாறுகிறது. அப்போர்வை அணிந்து புல்வெளியில் அமர்ந்திருந்த மூவரைக் காணாமலேயே எயோமெரின் குதிரைப் படை கடந்து செல்கிறது. தன்னை முன்னிறுத்தாத நிறமே இங்கே காக்கும் நிறம்.

காண்டால்ஃப் இறந்து, திருப்பி அனுப்பப்பட்டு, வெண்ணிறத்தில் வருகிறார். சாருமான் இருந்திருக்க வேண்டிய நிலையில் இப்போது தாம் இருப்பதாகக் கூறுகிறார். ஆனால் உடனே அந்த வெண்மையின் மேல் தம் பழைய சாம்பல் போர்வையை எடுத்துச் சுற்றிக்கொள்கிறார். ஒளி வீசிய கதிரவன் மேகத்துள் மறைந்தாற்போல இருக்கிறது. மலையில் உருமாறிய ஆண்டவர், கண்டதை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று பணித்துவிட்டு மீண்டும் எளியவராய்ச் சீடரோடு இறங்கி வந்ததை நாம் நினைக்கிறோம். சாருமானின் முடிவோ வேறு. தோற்றபின் வழியில் எதிர்ப்படும்போது, சாம்பலா அழுக்கேறிய வெள்ளையா என்று பிரித்தறிய முடியாத கந்தலை அணிந்திருக்கிறான். எல்லா நிறத்தையும் தனதாக்க முனைந்தவனுக்கு எந்த நிறமும் மிஞ்சவில்லை.

மக்கள்தோறும் மாறும் பொருள்

ஒரே நிறம் ஒவ்வொரு மக்களிடமும் வேறு பொருள் பெறுவதையும் டோல்கீன் கவனமாகவே படைத்திருக்கிறார். வெண்மையையே எடுத்துக்கொள்வோம். புல்வெளி நாடாகிய ரோஹானின் கொடியில் பச்சைக் களத்தில் வெள்ளைக் குதிரை ஓடுகிறது; அங்கே வெண்மை விடுதலையும் வேகமும் ஆகும். ஆனால் அதே நாட்டு மன்னர்களின் சமாதி மேடுகளில் ஆண்டு முழுவதும் சிறு வெண்மலர்கள் பூக்கின்றன. மறவாமை என்னும் பொருள்தரும் பெயருடைய அம்மலர்கள் இறந்தோர் உறங்கும் இடத்தில் வளர்பவை. அங்கே வெண்மை நினைவும் துயரும் ஆகும். கைம்பெண்ணின் வெண்சேலையையும் மணப்பெண்ணின் வெண்பட்டையும் ஒரே ஊரில் காணும் நமக்கு இது வியப்பன்று.

கோண்டோரில் மன்னர் இல்லாத காலத்தில் ஆட்சிப் பொறுப்பாளர்கள் பிடித்த கொடி, சின்னம் ஏதுமில்லாத வெறும் வெண்மை. அரியணை காலியாக இருக்க, அதன் கீழ்ப்படியில் அலங்காரமற்ற கறுப்புக் கல் இருக்கையில் அமர்ந்து, வெண்கோல் ஏந்தி அவர்கள் ஆள்கின்றனர். அந்த வெறும் வெண்மை காத்திருத்தலின் நிறம். உரியவர் வரும்வரை எதையும் எழுதாமல் விட்டுவைத்த இடம். பொறுப்பாளர் டெனதோர் அதை மறந்தார். ஆட்சியைத் தம் உடைமை என்று கருதி, திருப்பித் தர மனமின்றித் தம்மையே தீயிட்டு மாய்த்துக்கொண்டார். அவருடைய மகன் ஃபராமிரோ, மன்னர் வந்தபோது வெண்கோலைத் தாமே கொண்டுபோய் ஒப்படைத்தார்.

இவற்றுக்கெல்லாம் எதிராக மோர்குல் பள்ளத்தாக்கில் ஒரு வெண்மை உண்டு. அங்கும் வெண்மலர்கள் ஒளிர்கின்றன. காண அழகானவை, ஆயினும் பிணவாடை வீசுபவை. வெள்ளையடித்த கல்லறைகளைப் பற்றி ஆண்டவர் எச்சரித்தது யாரை என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். அவர் சமயத் தலைவர்களைப் பார்த்தே அதைச் சொன்னார்.

ஹாபிட் என்னும் சிறு மனிதரோ பச்சையையும் மஞ்சளையும் விரும்பி அணிபவர்கள். அவர்களுக்கு நிறம் கொடிக்குரியதன்று. தோட்டத்திற்கும் வயலுக்கும் உரியது. உலகைக் காக்கும் பணி கடைசியில் கொடியே இல்லாத இம்மக்களிடம் ஒப்படைக்கப்படுகிறது.

தோலின் நிறம்

ஆடையின் நிறத்தைப் பற்றி இவ்வளவும் சொல்லலாம். தோலின் நிறத்தைப் பற்றி என்ன சொல்வது? இங்கே நாம் நேர்மையாக இருக்க வேண்டும். சௌரானின் படையில் தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்து சேரும் மனிதர் கருத்த அல்லது பழுப்புத் தோலினர். தொலைதெற்கின் கறுப்பு மனிதரைப் பற்றிய வருணனை ஒன்று, அவர்களை மனிதரினும் குறைந்தவர்போலக் காட்டுகிறது. 1958-இல் எழுதிய ஒரு மடலில் டோல்கீன் ஓர்க் என்னும் கொடியவர்களை, ஐரோப்பியர் அழகற்றதாகக் கருதும் மங்கோலியச் சாயலோடு ஒப்பிட்டார். இவ்வரிகளைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு நெஞ்சில் முள் தைக்கத்தான் செய்யும். அது தவறான உணர்வன்று. ஆசிரியரை நேசிப்பதற்காக அந்த முள்ளை இல்லை என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அதே மனிதர் 1938-இல், 'த ஹாபிட்' நூலை மொழிபெயர்க்க விரும்பிய ஜெர்மானியப் பதிப்பகம் அவர் ஆரிய வழியினரா என்று கேட்டபோது, யூதர் எனப்படும் திறன்மிகு மக்களின் முன்னோர் எவரும் தமக்கு இல்லாமைக்கு வருந்துவதாக மறுமொழி வரைந்தார். 1959-இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய பிரிவுரையில், தாம் பிறந்த தென்னாப்பிரிக்காவின் நிறவெறிப் பாகுபாட்டைத் தாம் இயல்பாகவே வெறுப்பவர் என்று வெளிப்படையாகக் கூறினார். காலத்தின் கறை ஒட்டியிருந்தும், அக்கறைக்கு எதிராக நின்ற மனச்சான்று அவரிடம் இருந்தது.

நூலினுள்ளேயும் அந்த மனச்சான்று பேசுகிறது. வெறுக்கப்பட்டு விலங்குபோல் வேட்டையாடப்பட்ட காட்டு மனிதரின் தலைவன் கான்-புரி-கான், ரோஹான் படைக்கு மறைவழி காட்டி நகரைக் காக்க உதவுகிறான்; கைம்மாறாக, தன் மக்களை இனி வேட்டையாடாதிருந்தால் போதும் என்கிறான். போருக்குப்பின் மன்னர் அக்காட்டை அவர்களுக்கே உரிமையாக்குகிறார்; தெற்கின் மக்களோடும் சமாதானம் செய்துகொள்கிறார்.

இவற்றையும் விட நம்மை நிறுத்தி வைப்பது இரண்டாம் பாகத்தில் வரும் சிறு நிகழ்ச்சி. ஃப்ரோடோவும் அவனுடைய தோட்டக்காரன் சாமும் மறைந்திருக்கும் இடத்தருகே, தெற்கு நாட்டுப் போர்வீரன் ஒருவன் அம்பு தைத்து விழுந்து இறக்கிறான். சிவப்பு அங்கி கிழிந்திருக்கிறது. பொன்னிழை சேர்த்துப் பின்னிய கருங்கூந்தல் இரத்தத்தில் நனைந்திருக்கிறது. முறிந்த வாளின் பிடியை ஒரு பழுப்புக் கை இன்னும் பற்றியிருக்கிறது. சாம் அவன் முகத்தைப் பார்க்க விரும்பவில்லை. ஆனால் அவன் பெயர் என்னவாக இருக்கும், எந்த ஊரிலிருந்து வந்திருப்பான், அவன் உள்ளம் உண்மையிலேயே தீயதுதானா, எந்தப் பொய்யோ அச்சுறுத்தலோ அவனை வீட்டிலிருந்து இவ்வளவு தொலைவு நடத்தி வந்தது என்றெல்லாம் எண்ணுகிறான். நிறத்தைக் கண்ட கண், அதைத் தாண்டி ஒரு பெயரைத் தேடுகிறது.

அதே பாகத்தில், நான்கு இயல்கள் கடந்து, இன்னொரு கையை டோல்கீன் காட்டுகிறார். மோர்டோரின் செங்குத்துப் படிகளில் ஏறிக் களைத்த ஃப்ரோடோ, சாமின் மடியில் தலைவைத்து உறங்குகிறான். அவனுடைய வெளிறிய நெற்றிமேல் சாமின் கை ஒன்று படிந்திருக்கிறது. அதையும் டோல்கீன் பழுப்புக் கை என்றே சொல்கிறார். மண்ணைக் கிளறி, வெயிலில் காய்ந்த தோட்டக்காரனின் கை அது. பகைவன் கைக்கும் தோழன் கைக்கும் ஆசிரியர் ஒரே நிறச்சொல்லையே தந்திருக்கிறார். திட்டமிட்டுத் தந்தாரோ இல்லையோ, அந்தச் சொல் அங்கே நிற்கிறது. தன் கையைப் போன்ற ஒரு கையையே சாம் அந்தப் பிணத்தினிடம் கண்டான்.

நடுவுலகின் நிறங்களைப் பற்றி நாம் சொல்ல விரும்புவது இதுவே. அங்கே வெண்மை புனிதமும் அன்று. கருமை பாவமும் அன்று. பெற்றதைக் கொடையாகக் காத்துப் பிறர்க்கு வழங்குவோரிடம் எந்த நிறமும் ஒளி பெறுகிறது. தனதென்று பற்றிக்கொள்வோரிடம் வெண்மையும் மங்கி அழுக்காகிறது. பீடத்தில் நாம் அணியும் உடைகளுக்கும் இதே நெறிதான். அவற்றின் நிறம் விழாவுக்குரியது, அணிபவருக்குரியதன்று. திருப்பலி முடிந்தவுடன் கழற்றி மடித்து வைக்க வேண்டியவையே அவை.

நம் இளையோர் இக்கதையைப் படிக்கட்டும். திரையில் மட்டும் பாராமல் நூலாகவே படிக்கட்டும். படித்தபின், சாருமானின் வெள்ளைக் கை உலகுக்கு என்ன செய்தது என்றும், சாமின் பழுப்புக் கை என்ன செய்தது என்றும் அவர்களிடம் கேட்போம். தன் கையின் நிறத்தைக் குறித்து நாணி நிற்கும் பிள்ளை ஒன்று அக்கூட்டத்தில் இருந்தால், விடை சொல்லும் முதல் வாய்ப்பை அப்பிள்ளைக்கே கொடுப்போம்.